இலை நுனி கருகும்போது பார்க்க வேண்டியது வேரை

தொட்டிச்செடியின் இலை பழுப்பேறத் தொடங்கியதும், நீர் போதவில்லை என்று கருதி மேலும் நீரூற்றுவதும் சத்துக் குறைவு என்று கருதி உரமிடுவதும் பெரும்பாலான வீடுகளில் வழக்கமாக இருக்கின்றன. ஆயினும் இவ்விரண்டும் பல நேரங்களில் கேட்டை மிகுவிக்கவே செய்கின்றன. பழுப்பு நிறம் தன்னளவில் ஒரு நோயன்று. இலைத்திசு இறந்துவிட்டது என்பதற்கான அடையாளம் மட்டுமே அது. ஆகவே பழுப்பு எந்த இலையில், அவ்விலையின் எப்பகுதியில் தோன்றியது என்பதைக் கண்ட பிறகே காரணத்தைத் துணிதல் வேண்டும்.

நுனியும் ஓரமும் மட்டும் காய்ந்த தாள்போல் கருகியிருப்பின், முதலில் ஐயுறத்தக்கது நீரிலுள்ள உப்பாகும். வேர் உறிஞ்சும் நீர் தண்டின் வழியே ஏறி, இலையின் நுண்துளைகள் வழியாக ஆவியாக வெளியேறுகிறது. இதனை நீராவிப்போக்கு என்பர். ஆவியாவது நீர் மட்டுமே என்பதால், அதனுடன் ஏறிவந்த உப்புகள் நீரோட்டம் முடிவுறும் நுனியிலும் ஓரத்திலும் தேங்கி, அங்குள்ள திசுவை முதலில் கொல்கின்றன. தொட்டியின் விளிம்பில் வெண்ணிறப் பொருக்குப் படிந்திருப்பது, மண்ணில் உப்பு மிகுந்திருப்பதைக் காட்டும் சான்றாகும்.

தமிழ்நாட்டில் கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சும் வீடுகளில் இது பெரிதும் கவனிக்கத்தக்கது. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்கலாகாது என்ற நல்லெண்ணத்துடன் சிலர் செடிக்கு ஊற்றுகின்றனர். சுத்திகரித்த நீரிலிருந்து பிரிக்கப்பட்ட உப்பும் அதில் சேர்ந்துவிடுவதால், அது மூலநீரைவிடக் கூடுதலாக உப்பேறியது என்பதை மறத்தல் கூடாது. நன்கு அலசப்படாத தென்னைநார்க் கழிவிலும் உப்பு உண்டு. டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் ஆகியவை புளோரைடையும் தாங்குவதில்லை. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் அவற்றுக்கு மழைநீரே ஏற்றது. நீரை இரவு முழுவதும் திறந்து வைத்தால் குளோரின் அகலுமே தவிர, உப்போ புளோரைடோ அகலாது.

இலை தொய்ந்து, மென்மையான கரும்பழுப்புத் திட்டுகள் பரவி, மண்ணோ ஈரமாகவே இருக்குமாயின் அது வேரழுகலாகும். மண்ணின் இடைவெளிகளை நீர் நிரப்பிவிட்டால் வேருக்கு உயிர்வளி கிட்டாது. மூச்சுமுட்டிய வேர் அழுகி, நீரை உறிஞ்சும் திறனை இழப்பதால், நீரில் நிற்கும் செடியே நீரின்றி வாடுகிறது. செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல உருவிப் பார்த்தால் நலமான வேர் வெளிறி உறுதியாகவும், அழுகிய வேர் கருத்துக் குழைந்தும் இருப்பதைக் காணலாம். குழைந்ததை வெட்டியகற்றி, வடிகால் நன்குள்ள புதுமண் கலவையில் மாற்றி நடுவதே இதற்குரிய வழி.

நிழலிலிருந்து திடீரென வெயிலுக்கு மாற்றிய செடியில், வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளிறிப் பழுப்பாகும். முதிர்ந்த இலைகளின் ஓரம் மட்டும் கருகுவது சாம்பல் சத்துக் குறைவாகவும் இருக்கலாம். ஏனெனில் அச்சத்து போதாதபோது செடி அதனை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்து இளந்தளிர்களுக்கு அனுப்புகிறது. நுண்புள்ளிகளும் இலையடியில் மெல்லிய நூலாம்படையும் தென்பட்டால் அது செஞ்சிலந்திப் பேனின் வேலை.

உப்பே காரணமெனில் உரத்தை நிறுத்தி, தொட்டியின் கொள்ளளவைப்போல் இருமடங்கு நன்னீரை மெல்ல ஊற்றி, அடித்துளை வழியே முழுவதும் வடியவிட வேண்டும். கீழ்த்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுவது இன்றியமையாதது, இல்லையெனில் கரைந்த உப்பை மண் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் மேல்மண் ஓரங்குல ஆழத்திற்குக் காய்ந்திருப்பதை விரலால் அறிந்த பிறகே நீரூற்றலாம். கருகிய பகுதி எம்மருத்துவத்தாலும் மீண்டும் பச்சையாகாது. செடி தேறியதா என்பதை அடுத்து விரியும் புதிய இலையின் நுனியில்தான் காண முடியும்.