செர்ரியும் களாக்காயும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

செர்ரிப் பழத்தை மரத்தில் நான் கண்டதில்லை. அது குளிர்நாட்டுப் பழம். நம் நாட்டில் காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் விளைகிறது. கடுங்குளிரில் வாரக்கணக்காக உறங்கி எழுந்த பிறகே அம்மரம் பூக்கும். ஆதலால் நம் சமவெளியில் அது பயிராவதில்லை. எனினும் செர்ரியின் சுவையை அறியாதவர் நம்முள் யார்? கேக்கின் உச்சியில், பன்னின் நடுவில், ஐஸ்கிரீமின் மேல், மிட்டாயில், இருமல் மருந்தில் எங்கும் செர்ரிதான். கண்ணால் காணாத ஒரு பழம் நாவுக்கு இவ்வளவு பழகிப்போனது எப்படி? நான் பயிலும் வேதியியலின் துணைகொண்டு இதனை விளக்க முயல்கிறேன்.

ஆய்வகத்தில் ஒரு மணம்

இவ்வாண்டு கரிமச் சேர்மப் பகுப்பாய்வில் எனக்கு ஒரு நிறமற்ற திரவம் கிடைத்தது. டாலன்ஸ் கரைசலுடன் சேர்த்து வெந்நீரில் வைத்தேன். குழாயின் உட்சுவரில் வெள்ளி ஆடி படிந்தது. ஃபெலிங் கரைசலிலோ மாற்றம் இல்லை. ஆகவே அது அரோமாட்டிக் ஆல்டிஹைடு, அதாவது பென்சால்டிஹைடு என முடிவு செய்தேன். உண்மையில் குப்பியைத் திறந்தவுடனேயே எனக்கு ஐயம் வந்துவிட்டது. சிறுவயதில் குடித்த சிவப்பு இருமல் மருந்தின் மணம் அதில் இருந்தது!

இதை எங்கள் விரிவுரையாளரிடம் கூறியபோது அவர் எச்சரித்தார்: "மணத்தை நம்பி முடிவு எழுதாதே. நைட்ரோபென்சீனுக்கும் ஏறக்குறைய இதே மணம்தான். ஆனால் அது நஞ்சு." அந்தச் சொல் பின்னர் வேறொரு வகையிலும் எனக்குப் பயன்பட்டது.

செர்ரி, வாதுமை, பீச் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் கொட்டைப் பருப்பில் அமிக்டலின் என்னும் பொருள் உள்ளது. பருப்பை நசுக்கினால் நொதிகள் அதனைச் சிதைத்துக் குளுக்கோஸ், பென்சால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு என்று பிரிக்கின்றன. முதலாவது இனிப்பு, இரண்டாவது மணம், மூன்றாவது கொடிய நஞ்சு. கசப்பு வாதுமை எண்ணெயை ஆராய்ந்து 1832-இல் ஜெர்மானிய அறிஞர்கள் லீபிக்கும் வோலரும் வெளியிட்ட முடிவுகள் கரிம வேதியியலின் அடிப்படைகளுள் ஒன்றாயின.

இன்று பென்சால்டிஹைடைப் பெறப் பழம் வேண்டியதில்லை. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டொலுவீனை ஆக்ஸிஜனேற்றம் செய்தால் போதும். பல பழங்களின் மணத்தை உண்டாக்க எத்தனையோ சேர்மங்களை அளவறிந்து கலக்க வேண்டும். செர்ரிக்கோ இந்த ஒன்றே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. செலவு குறைவு, நினைவில் நிற்கும் மணம், கண்ணைக் கவரும் சிவப்பு. செர்ரிச் சுவை உலகெங்கும் பரவியதற்கு இவை முக்கியக் காரணங்கள் எனலாம்.

மருந்துக்கும் இதில் பங்குண்டு. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் காட்டுச் செர்ரிப் பட்டையை இருமலுக்குக் கஷாயமாக்கினர். பிறகு அங்குள்ள மருந்துக் கடைகளிலும் அப்பட்டையிலிருந்து பாகு காய்ச்சினர். பட்டை போயிற்று, கசப்பை மறைக்கும் அதன் சுவை மட்டும் நின்றுவிட்டது. அந்நாட்டில் சோடாக் கடைகளில் செர்ரிப் பாகு கலந்து குடிப்பதும் பழைய வழக்கம். அதையே 1985-இல் கோகோ கோலா நிறுவனம் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது.

சாயம் ஏறிய பழம்

கேக்கின் மேல் வைக்கும் பழத்திற்குத் தனி வரலாறு உண்டு. அட்ரியாட்டிக் கடலோரமான டால்மேஷியாவில் விளையும் மராஸ்கா என்னும் புளிப்புச் செர்ரியை அதன் மதுவிலேயே ஊறவைத்தனர். அதுவே மராஸ்கினோ செர்ரி. அமெரிக்காவில் 1920-களில் ஓரிகன் வேளாண் கல்லூரிப் பேராசிரியர் எர்னஸ்ட் வீகண்ட் வேறு வழி கண்டார். பழம் குழையாமல் இருக்கக் கால்சியம் உப்பு கலந்த கரைசலில் ஊறவைத்தார். கால்சியம் பழத்தின் பெக்டினோடு பிணைந்து சதையை இறுக்கியது. இவ்வகைச் செர்ரியை முதலில் வெளுக்கச் செய்து, பிறகு சர்க்கரையும் சாயமும் மணமும் ஏற்றுகின்றனர்.

நம் ஊர் பேக்கரிப் பழமும் அதுதானா? இந்த ஐயத்துடன், எங்கள் ஊர்ப் பேக்கரியில் பழக்கமான மாஸ்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, இதுல செர்ரி எங்க இருக்கு? டப்பாவைப் படிச்சுப் பாருங்க" என்றார். படித்தேன். கரோண்டா என்றிருந்தது. கரோண்டா என்பது நம் களாக்காயே!

களாக்காயைக் கீறி விதை நீக்கி, உப்பு நீரில் ஊறவைத்துப் பாலையும் புளிப்பையும் போக்கி, சர்க்கரைப் பாகில் படிப்படியாக ஊறவைத்து, எரித்ரோசின் என்னும் சிவப்புச் சாயம் ஏற்றினால் "செர்ரி" தயார். இச்சாயம் அமிலத்தில் கரையாது. ஆதலால் புளிப்புள்ள பழத்தை விட்டு எளிதில் கசியாது. நம் நாட்டில் அளவு வரையறையுடன் இதற்கு அனுமதி உண்டு. ஆண் எலிகளுக்குப் புற்றுநோய் கண்டதை முன்னிட்டு, உணவில் இதற்கிருந்த அனுமதியை அமெரிக்க அரசு 2025 ஜனவரியில் ரத்துச் செய்தது. மனிதருக்கு அவ்விளைவு காணப்படவில்லை என்றும் கூறியது.

டப்பாவைப் படித்த அன்று எனக்கு வேறொன்று நினைவு வந்தது. எங்கள் ஊர்க் கரட்டில் களாச்செடிகள் உண்டு. முள் கீறக் கீற அம்மா காய் பறித்து, சந்தையில் படியளந்து விற்பார். நான் பிளஸ் டூ தேறிய நாளில், அந்தப் பணத்தில்தான் உச்சியில் செர்ரி வைத்த கேக் வாங்கிக் கொடுத்தார். கல்லூரியில் சேர்ந்த பின், களாக்காய் தின்று வளர்ந்தவன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. புறநானூற்றில் யாழின் கரிய தண்டுக்குக் களங்கனி உவமையாக வந்துள்ளதைத் தமிழ் வகுப்பில் கேட்டபோதும் நான் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "ஏங்கண்ணு, நம்ம களாக்காயத்தானா அன்னிக்குக் காசு குடுத்து வாங்கித் தின்னோம்?" என்று அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, "அதுக்கு எதுக்கு வேற பேரு?" என்று கேட்டார். அக்கேள்விக்கு என் பாடப்புத்தகத்தில் விடை இல்லை.

நண்பர்களே! செர்ரியை வெறுக்கச் சொல்லவில்லை. வாங்கும் பொருளின் சீட்டைப் படியுங்கள். மணத்தை மட்டும் நம்பி முடிவு எழுதாதீர்கள். இனி யாரேனும் கேட்டால், களாக்காய் எங்கள் ஊர்க் காய் என்று நான் சொல்வேன்.