கப்பலின் ஜாதகம்

1912-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு, அட்லாண்டிக் சமுத்திரத்தில் 'டைட்டானிக்' கப்பல் பனிமலையில் மோதிற்று. அபாயச் செய்தி அனுப்பிய கம்பியில்லாத் தந்திக்காரர்கள், தங்கள் கப்பலைக் குறிக்க எம்.ஜி.ஒய். என்ற மூன்று எழுத்துக்களைத் தட்டினார்கள். "காப்பாற்றுங்கள்" என்று கூவினால் மட்டும் போதாது. கூவுகிறவர் யார் என்பதும் தெரிய வேண்டுமல்லவா?

பெயரை மட்டும் நம்புவதற்கில்லை. ஒரே பெயரில் பல கப்பல்கள் உண்டு. சொந்தக்காரர் மாறினால் பெயரும் மாறலாம், கொடியும் மாறலாம். ஆகவே சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனம் 1987-ல் ஓர் ஏற்பாடு செய்து, 1996 முதல் பெரிய கப்பல்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அதன்படி ஒவ்வொரு கப்பலுக்கும் ஏழு இலக்க எண் ஒன்று உண்டு. குஜராத்தின் ஆலங் போன்ற கடற்கரையில் கப்பல் உடைபடும் நாள் வரையில் அந்த எண் மாறுவதில்லை.

வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு கணக்கு: 9074729 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 139 வரும். அதன் கடைசி இலக்கமாகிய 9-தான் கப்பல் எண்ணின் கடைசி இலக்கமும். எழுதுவோர் கை தவறினால் பெரும்பாலும் இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும்.

கப்பலின் ரேடியோவுக்கு வேறோர் எண் உண்டு. அதற்கு ஒன்பது இலக்கங்கள். முதல் மூன்றும் தேசத்தைக் குறிக்கும். நமது தேசத்துக் கப்பல்களுக்கு அது 419. இலங்கைக் கப்பல்களுக்கு 417. அபாயப் பொத்தானை அழுத்தியதும், பேச அவகாசமில்லாத மாலுமிக்காகக் கருவியே இந்த எண்ணை அனுப்பிவிடும். கரையிலுள்ளவர்கள் பதிவேட்டைப் பார்த்து, எந்தக் கப்பல், யாரிடம் விசாரிப்பது என்று அறிந்துகொள்வார்கள்.

இங்கேதான் ஒரு சங்கடம். கப்பலின் எண்ணைப் போலன்றி, ரேடியோவின் எண் கொடி மாறினால் மாற வேண்டும். சொந்தக்காரர் மாறினால் பதிவையும் திருத்த வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால், கடலில் ஒரு படகு தத்தளிக்கும்போது, அதை எப்போதோ விற்றுவிட்டவர் வீட்டில் டெலிபோன் மணி அடிக்கும். அவர் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள், தேடுவோருக்கு அருமையான நேரம் வீணாகிவிடும்.

பதிவுப் படிவத்தைப் பூர்த்தி செய்வது சலிப்பான வேலைதான். ஆயினும், புயல் அடிக்கும் இரவில் மாலுமியின் குடும்பம் நம்பியிருப்பது அந்தத் தாளையும்தான்.