அரை சதவீதம்கூட இல்லை

12 பகடைகளைச் சேர்த்து உருட்ட வேண்டும். எத்தனை பகடையில் 5 அல்லது 6 விழுந்தது என்று குறித்துக்கொண்டு மறுபடி உருட்ட வேண்டும். இப்படி 26,306 தடவை! இங்கிலாந்து விலங்கியலாளர் ரஃபேல் வெல்டன் 1894-ல் அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டனுக்கு அனுப்பிய கணக்கு இது. அந்தப் பொறுமைமேல் எனக்குத் தீராத மரியாதை.

மொத்தம் 3,15,672 பகடைகள். கோணல் இல்லாத பகடை என்றால் 5 அல்லது 6 விழ வேண்டியது 1,05,224. விழுந்ததோ 1,06,602. 33.33 சதவீதத்துக்குப் பதில் 33.77. தற்செயல் என்றுதான் நமக்குத் தோன்றும்.

புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் அப்படி விடவில்லை. 1900-ல் அவர் வெளியிட்ட கை-வர்க்கச் சோதனை இந்தப் பகடைகளையும் எடைபோட்டது. வித்தியாசம் 1,378. அதை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்தால் 18.05. 5, 6 விழாத பகடைகளுக்கும் இதையே செய்தால் 9.02. கூட்டினால் 27.07. வெறும் தற்செயலால் இந்தக் கூட்டுத்தொகை 3.84-ஐத் தாண்டுவதே நூற்றில் ஐந்து முறைதான். 27-ஐத் தாண்டுவது கோடியில் இரண்டு முறை!

ஏன் வகுக்க வேண்டும்? 20 பேருக்குச் சமைத்த வீட்டில் இன்னும் 10 பேர் வந்து நின்றால் அடுப்படி திண்டாடிப்போகும். ஆயிரம் பேர் சாப்பிடும் கல்யாணப் பந்தியில் அதே 10 பேர் யார் கண்ணிலும் பட மாட்டார்கள்.

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எண்ணிக்கை போட வேண்டிய இடத்தில் சதவீதத்தைப் போட்டுவிடுவார்கள். 300 பகடையில் 101 விழுந்தாலும் ஏறக்குறைய இதே சதவீதம்தான். ஆனால் கை-வர்க்க மதிப்பு வெறும் 0.015. சந்தேகப்பட அதில் எதுவுமே இல்லை. வெல்டனின் மூன்று லட்சம்தான் அந்தச் சின்ன வித்தியாசத்துக்குக் குரல் கொடுத்தது.

கோணல் இருக்கிறது என்பதோடு சோதனை நின்றுவிடும். எங்கே, எதனால் என்று சொல்லாது. புள்ளிகளுக்காகக் குழி தோண்டியதால் 5, 6 முகங்கள் இலேசாகி மேலே வருகின்றன என்று பியர்சன் கருதினார். சிகாகோ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எந்திரம் செய்து, வேறு பகடைகளை அதே 26,306 தடவை உருட்டிப் பார்த்தார். 2009-ல் வெளியான அந்த ஆய்வில் அதிகம் விழுந்தவை 1-ம் 6-ம். பகடையை அளந்து பார்த்தபோது, அந்த இரு முகங்களுக்கும் இடையே உள்ள தூரம் மற்றப் பக்கங்களைவிட ஒரு துளி குறைந்திருந்தது.