மானாவாரிக் கனவுகள்

பந்தல்குடியின் கரிசல் நிலத்தில் மழையை நம்பி விதைப்பவர்களுக்கு எல்லா ஆண்டும் களம் நிறைவதில்லை. விளையாட்டையே பிழைப்பாகத் தேர்ந்தெடுக்கும் கிராமத்து இளைஞரின் நிலையும் ஒருவகை மானாவாரி வேளாண்மைதான். ரிங்கு சிங்கின் பேஸ்பால் வாழ்க்கை அதற்கு ஒரு சான்று.

உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறிதல் வீரர் அவர். அமெரிக்க விளையாட்டு முகவர் ஜே.பி. பெர்ன்ஸ்டைன் இந்தியாவில் நடத்திய பந்துவீச்சுப் போட்டியில், பல்லாயிரம் பேரை விஞ்சி 2008-இல் ஒரு லட்சம் டாலர் பரிசு வென்றார். அதே நவம்பரில் அவரும் தினேஷ் படேலும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமாயினர். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலுக்கு இந்தியாவிலிருந்து சென்ற முதல் இருவர் இவர்களே.

இந்தக் கதை 2014-இல் திரைப்படமாகி, ஒப்பந்தத்தோடு நிறைவுற்றது. உண்மை வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. படேல் 2010-இலேயே விடுவிக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். ரிங்கு சிங் 2012-இல் கீழ்நிலை 'ஏ' லீக்கில் 39 ஆட்டங்களில் பந்து வீசினார். முதன்மை லீக்குக்கு இடையே இன்னும் மூன்று படிகள் இருந்தன. பின்னர் காயங்கள் அவரை முடக்கின. 2018-இல் அவர் தொழில்முறை மல்யுத்தத்துக்கு மாறினார்.

இது இருவரின் தோல்வி மட்டுமன்று. உச்சியில் பெரும்பரிசும் அடியில் சொற்ப ஊதியமும் வைத்துப் பலரைக் கடுமையாக உழைக்கச் செய்யும் அமைப்பை, 1981-இல் லாசியர், ரோசன் என்ற பொருளியலாளர்கள் 'போட்டிக் கோட்பாடு' என விளக்கினர். வென்றவரை உலகம் காண்கிறது. தோற்றவரின் இளமையும் உடல்நலமும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அந்தக் கணக்கைத் திருத்த முடியும் என்பதையும் அமெரிக்காவே காட்டியது. கீழ்நிலை வீரர்கள் 2022-இல் தொழிற்சங்கத்தில் இணைந்தனர். அடுத்த ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தத்தால் 'ஏ' நிலை வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் சுமார் 11,000 டாலரிலிருந்து 26,200 டாலராக உயர்ந்தது.

தமிழ்நாட்டில் சாதனை வீரர்களுக்கு அரசுப் பணியில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். ஆனால் பதக்கத்துக்கு ஓரடி முன்பே முழங்கை முறிந்தவருக்கு எது கைகொடுக்கும்? மழை பொய்த்தால் உழவருக்குப் பயிர்க் காப்பீடு இருப்பதுபோல், பயிற்சிக் களத்தில் உடல் பொய்த்தவருக்கு மருத்துவக் காப்பீடும், விட்ட படிப்பைத் தொடர உதவித்தொகையும் வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பள்ளி மைதானங்களில் இன்று ஓடும் பிள்ளைகளிடம் 'கனவு காணுங்கள்' என்று சொல்லும் உரிமை, அதன் பிறகே நமக்கு உண்டு.