கொல்லத்தில் வாழ்ந்த பாரசீகர்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கொல்லம். நம்மில் பலர் தொழிலின் பொருட்டு அடிக்கடி சென்று மீளும் ஊர் அது. அவ்வூர்க் கடற்கரையில் ஒரு காலத்தில் பாரசீக மொழி பேசுவோர் வாழ்ந்தனர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அதற்குச் சான்றாக நிற்பவை தரிசாப்பள்ளிச் செப்பேடுகள். சேர வேந்தன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 849இல், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் இவற்றை வழங்கினார். மருவான் சபீர் ஈசோ என்னும் வணிகத் தலைவர் கொல்லத்தில் எழுப்பிய கிறித்தவப் பள்ளிக்கு நிலமும், குடிகளும், வரிவிலக்கும் இவற்றால் கிடைத்தன. பிடியை நடத்தி நிலத்தின் எல்லை வகுத்தனர். கிழக்கே வயற்காடு, மேற்கே கடல், வடக்கே தோரணத் தோட்டம் என எல்லைகள் குறிக்கப்பட்டுள்ளன. அறத்தைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

செப்பேட்டின் வாசகம் வட்டெழுத்தில், அக்காலச் சேரநாட்டுத் தமிழில் அமைந்தது. மலையாள அறிஞர் அதனைப் பழைய மலையாளம் என்பர். ஆனால் இறுதியில் உள்ள சாட்சிகளின் கையெழுத்துகளோ வேறு. மொத்தம் 25 பேரில் 11 பேர் அரபு எழுத்திலும், 10 பேர் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்திலும், 4 பேர் எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். எபிரேய எழுத்தில் ஒப்பமிட்ட யூதரின் மொழியும் பாரசீகமே. ஆக, அவ்வேட்டில் பாரசீக மொழியில் ஒப்பமிட்டோர் 14 பேர் ஆவர். வேற்று நாட்டார் தத்தம் எழுத்திலேயே கையெழுத்திட இந்நாட்டு மன்னர் இசைந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அம்மக்களின் மொழி என்னவாயிற்று? இன்று கொல்லத்தில் அதனைத் தாய்மொழியாகப் பேசுவார் எவரும் இலர். சென்னைப் பரங்கிமலையிலும் கோட்டயம் வலியபள்ளியிலும் உள்ள கற்சிலுவைகளைச் சுற்றிப் பகலவி எழுத்துகள் காணப்படுகின்றன. அவற்றைப் படிக்க ஆராய்ச்சியாளரே வேண்டும்.

அதே கேரளத்தில் சிரிய மொழியின் கதை வேறு. அதுவும் மேற்கிலிருந்து வந்த மொழியே. எனினும் மல்பான் எனப்படும் ஆசிரியர்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்க்குக் கற்பித்தனர். மக்கள் வழிபாட்டில் அதனை ஓதினர். ஆகவே ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் இன்றும் அதன் ஒலி தேவாலயங்களில் கேட்கின்றது. கடைத்தெருவில் மட்டும் வாழும் மொழி வாணிகத்தோடு மறையும். கற்பித்துக் காக்கும் மொழி நிலைக்கும்.

அன்பர்களே, இது நமக்கும் உரிய பாடம் அன்றோ? நம் பிள்ளைகள் மலையாளத்தை நன்கு கற்கட்டும். வாழும் நாட்டின் மொழியை மதிப்பது நம் கடமை. ஆனால் வீட்டில் தமிழ் பேசியும் தமிழ் எழுத்து அறியாத பிள்ளைகள் நம்மிடையே பெருகி வருகின்றனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த வணிகர் தம் பெயரைத் தம் எழுத்தில் பொறித்துச் சென்றனர். நம் பிள்ளைகளும் தம் பெயரைத் தமிழில் எழுத அறிதல் வேண்டும். நாள்தோறும் கால்மணி நேரம் பெற்றோர் உடன் அமர்ந்து கற்பித்தால் அது கைகூடும். இம்மாதமே தொடங்குவோமாக.