ஜாமீன்தாரர் கையொப்பம்

தணிக்கையின் பொருட்டு முட்டுக்காடு சென்றிருந்தபோது, கடன் மனு ஒன்றில் ஜாமீன்தாரர் கையொப்பமிட வேண்டிய இடம் வெறுமையாக இருக்கக் கண்டோம். மனுதாரர் விவசாயி, உப்பேறிய கிணற்றை விட்டு வேறு கிணறு தோண்டக் கடன் கேட்டிருந்தார். அவருடன் படித்தவர் ஒருவர் அதே சங்கத்தில் நல்ல நிலையிலுள்ள அங்கத்தினர். அவரைக் கேட்கலாகாதா என்றோம்.

"பள்ளியில் அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இப்போது எந்த முகத்தோடு ஐயா போய் நிற்பது?" என்றார்.

கணித மேதை இராமானுஜனின் வரலாறு நம் நினைவுக்கு வந்தது, அவரிடம் கூறினோம். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் பரிசு பெற்றுத் தேறியவர், கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தார். 1907-இல் எப்.ஏ. பரீட்சையிலும் தோற்றார். 1910-இல் வேலையின்றிச் சென்னையில் அலைந்தவரைப் பள்ளித்தோழர் சி. வி. இராஜகோபாலாச்சாரி (ராஜாஜி அல்லர், வேறொருவர்) சந்தித்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் முதலில் ஐயுற்றார். தோழரோ விடவில்லை, மீண்டும் மீண்டும் முயன்றார். முடிவில் ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912-இல் துறைமுகத்தில் 30 ரூபாய்க் குமாஸ்தா வேலை. 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டி அங்கத்தினர் பதவி.

மனுதாரர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கூச்சத்திலும் நியாயம் உண்டு. கடன் தவறினால் ஜாமீன்தாரர் பணமன்றோ போகும்!

மறுவாரம் மனு பூர்த்தியாகி வந்தது. கையொப்பம் பள்ளித்தோழருடையதன்று, அடுத்த நிலத்துக்காரருடையது. தோழரைக் கேட்டாரா என நாம் விசாரிக்கவில்லை.