மாத்திரையை நிறுத்தாதீர்கள், பல்லைப் பாருங்கள்

சாப்பிடும்போது ஒரே பக்கமாக மெல்கிறாரா? சோற்றை ரசம் விட்டுக் கரைத்தே விழுங்குகிறாரா? கேட்டால் "ஒன்னுமில்ல" என்பார். மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பலர் வலியை வெளியே சொல்வதில்லை. சொன்னாலும் "அதுவும் பிரமைதான்" என்று வீட்டிலேயே தள்ளிவிடுகிறோம். கன்னம் வீங்கிப் பல் மருத்துவரிடம் போகும்போது, பல நேரம் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

பல் துலக்காததைச் சோம்பேறித்தனம் என்பது அநியாயம். எதைச் செய்யவும் மனம் எழாமல் போவது இந்நோயின் அறிகுறிகளில் ஒன்று. மருந்தும் தன் பங்குக்குப் படுத்தும். மாத்திரைகள் பலவும் வாயை உலர்த்தும். நடுக்கத்துக்காகக் கூடவே தரும் டிரைஹெக்ஸிபெனிடில் இன்னும் உலர்த்தும். பல்லைக் காப்பதே எச்சில்தான். அது வற்றிய வாயில் நாளெல்லாம் சர்க்கரை போட்ட டீ, நடுநடுவே பீடி என்றால் சொத்தைக்கும் ஈறு நோய்க்கும் கேட்கவா வேண்டும்?

குளோசபின் நேர்மாறு, தூக்கத்தில் தலையணை நனைய எச்சில் வழியும். அதைச் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் 'உடம்புச் சூடு' என்று மோர் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

வாய் உலர்கிறது என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்பிவிடக்கூடும். வாய் வறட்சியை மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாமா, மருந்தை மாற்றலாமா என்று அவர் பார்ப்பார். கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டால் இரவில் கட்டாயம் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு உடனே கொப்பளிக்காமல் விட வேண்டும். கரியும் செங்கல் பொடியும் பல்லையே தேய்த்துவிடும். "போய்ப் பல் தேய்" என்று விரட்டுவதைவிட, பக்கத்தில் நின்று நீங்களும் சேர்ந்து துலக்கிப் பாருங்கள்.

பல் மருத்துவரிடம் மருந்துச் சீட்டை மறைக்காதீர்கள். எரித்ரோமைசின், சிப்ரோஃபுளோக்சசின் போன்றவை ரத்தத்தில் குளோசபின் அளவை ஏற்றிவிடும். லித்தியம் சாப்பிடுபவருக்கு ஐபுபுரூஃபனும் ஆகாது. கூட்டமில்லாத நேரம் கேளுங்கள். ஒவ்வொரு கருவியையும் காட்டிச் சொல்லிவிட்டுச் செய்யும்படியும், கை தூக்கினால் நிறுத்தும்படியும் பேசிக்கொள்ளுங்கள். பல்லுக்குள் யாரோ கருவி வைத்துவிட்டார்கள் என்று அவர் சொன்னால் வாதாட வேண்டாம். அந்தப் பல்லில் நிஜமாகவே சொத்தை இருக்கலாம்.

"மனநோயாளிக்கு இங்கே பார்ப்பதில்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வர வேண்டியதில்லை. எந்தச் சிகிச்சையிலும் மனநோய் உள்ளவரைப் பிற நோயாளிகளுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 21. மனநோய் இருப்பதாலேயே ஒருவரைப் 'புத்தி சுவாதீனமற்றவர்' என்று கருதக் கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. ஆகவே பல்லைப் பிடுங்கலாமா என்று முதலில் அவரிடம்தான் கேட்க வேண்டும், அண்ணனிடம் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மனநோயையும் ஊனமாக ஏற்கிறது. பாகுபாடு காட்டினால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் தரலாம். சட்ட உதவிக்கு 15100, மனநல ஆலோசனைக்கு 14416.

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, வாய் வறள்வதையும் பல் வலியையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.